நாலு விரக்கடை

ரிஜிடுதானுங்க தம்பி. கண்ண மூடிக்கிட்டு ரிஜிட் ஃபோர்க்கே போடுங்க. இதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம். வாங்க, உள்ள வாங்க, செருப்பு அங்கயே கெடக்கட்டும். அந்த நாற்காலில உக்காருங்க. ஆடாது. பின்னங்காலுக்கு நானே கட்டை வெச்சு அடிச்சது.

திருப்பூர்லருந்து நின்னுக்கிட்டேவா வந்தீங்க? அடடா. ரேணு, ஒறம்பரை வந்திருக்காங்க, ஒரு டீ. என்ற வீட்டுக்காரிங்க. பதில் வரலயேன்னு பாக்காதீங்க, டீ வந்துரும். ஒம்பது மாசமா எங்கூட அவ்வளவாப் பேசறதில்ல. கோவம்னெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வீட்டுல வேலை ஜாஸ்தி, பேச நேரமில்ல, அவ்வளவுதான்.

விளம்பரம் போட்டது நாந்தான், தண்டபாணி. ‘டர்ட் ஜம்ப் சைக்கிள், ஃபோர்க் ரெண்டு உண்டு, நேரில் வரவும்’னு. நேரில் வரவும்னு போட்டதுக்குக் காரணம் இருக்குதுங்க. இந்த மண்மேட்டுல ஏறிக் குதிக்கற சைக்கிளப் பத்தித் தெரிஞ்சவங்க நம்ம ஊர்ல எத்தன பேரு இருப்பாங்க? விரல் விட்டு எண்ணிரலாம். தெரிஞ்சவங்க வாயால ஒரு வார்த்த கேக்கோணும். விலையெல்லாம் இருக்கட்டும், அதப் பத்தி நான் பேசவே மாட்டேன். மொதல்ல நீங்க சைக்கிளப் பாருங்க. அதா, சன்னலோரம் நிக்குது. இங்கிருந்தே பாருங்க. கிட்டப் போக வேண்டாம், டீ வரட்டும்.

உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனாலும் நான் சொல்ற மொறைக்குச் சொல்லிர்றேன். முன்சக்கரத்தப் புடிச்சுக்கிட்டிருக்கற ரெண்டு காலு, அதுதான் ஃபோர்க்கு. ரிஜிடுன்னா வெறும் இரும்புக் காலு, அசையாது. சஸ்பென்ஷன்னா காலுக்குள்ள ஸ்பிரிங்கு, அமுங்கி எந்திரிக்கும். கேக்கறதுக்கு ஸ்பிரிங்குதான் சொகமாட்டத் தெரியும். அங்கதானுங்க எல்லாரும் ஏமாந்து போறது. மேட்டு உச்சில சைக்கிள அமுக்கி எம்பறீங்க பாருங்க, அந்த அமுக்கல ஸ்பிரிங்கு தின்னு போடும். நீங்க எம்பறது பாதி, அது முழுங்கறது பாதி. ரிஜிடுல குடுத்தது அப்படியே திரும்பி வரும். எடையுங் கொறைவு. ஆயில் மாத்தற சோலியில்ல, சீல் போச்சுங்கற பேச்சில்ல.

என்ன கேட்டீங்க? நான் ஓட்டுவனாவா? இல்லீங்க. நான் ஏறினதே இல்ல. இடுப்பு வலிங்க, இரும்பு கடையற லேத்துல பதினாறு வருசம் நின்ன இடுப்பு. ஆனா பாத்திருக்கேன். ரெண்டு வருசம் ஒரு ஞாயித்துக்கெழம விடாம மேட்டோரமா நின்னு பாத்திருக்கேன். ஓட்டறவனுக்கு முன்னாடி மட்டுந்தான் தெரியும். நிக்கறவனுக்கு எல்லாம் தெரியும்.

ஓட்டுனது என்ற மச்சினன். நவநீதன். ரேணுகாவோட தம்பி.

தடாகம் போற வழில மூடிப்போன செங்கல் சூளை ஒண்ணு இருக்குதுங்க. செம்மண்ணு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கும். அங்க இவனும் இவனாட்ட நாலஞ்சு பேரும் மம்பட்டி கொண்டுபோயி மேடு கட்டினாங்க. ஏறி எம்பறதுக்கு ஒரு மேடு, எறங்கறதுக்கு ஒரு மேடு, நடுவுல பள்ளம். மண்ணுக்குத் தண்ணி ஊத்தி மம்பட்டி முதுகுல தட்டித் தட்டி, வாசல் மொழுகற மாதிரி வெச்சிருப்பாங்க. நான் ஒரு குடத்துல மோர் கொண்டுபோவேன்.

நவநீதன் பம்ப்செட் கம்பெனில டிராயிங் போடறவனுங்க. போடறவனா இருந்தான். கம்ப்யூட்டர்லதான், ஆனா கைலயும் போடுவான். அவன் போட்ட டிராயிங்க ஃபேக்டரில ஒருதாட்டிகூடத் திருப்பி அனுப்பினதில்லன்னு சொல்லுவாங்க. அளவுல அப்படி ஒரு சுத்தம். கல்யாணப் பத்திரிகையக் குடுத்தாக்கூட ஓரம் நேரா வெட்டியிருக்குதான்னுதான் மொதல்ல பாப்பான்.

ஆனா ஒண்ணுங்க, பயந்த சுபாவம். எங்க மாமனார் வீட்டுல அப்படி வளத்திட்டாங்க. மூணு பொண்ணுக்கு அப்பறம் பொறந்த பையன், கேக்கோணுமா? மழைல நனைய விடமாட்டாங்க, வெயில்ல நிக்க விடமாட்டாங்க. வாழ்க்கையே சஸ்பென்ஷன்தான். நான்தான் சொல்லுவேன், ‘மாப்ள, ரோட்டுல போறவனுக்குப் பள்ளம் எங்கன்னு குண்டில தெரியோணும், அப்பத்தான் புத்தி வரும்’னு. சிரிப்பான். ‘சரிங்க மாமா’ம்பான். என்ன சொன்னாலும் சரிங்க மாமாதான். எனக்குப் புள்ள இல்லீங்க. அதனால அவன்மேல கொஞ்சம் பாசம் கூடத்தான்.

பிரச்சன எங்க வந்துச்சுன்னா, அந்தப் பெரிய பள்ளத்த அவனால தாண்ட முடியல. மத்தவனெல்லாம் தாண்டறான். இவன் எம்பறான், பறக்கறான், ஒரு முழம் பத்தாம ரெண்டாவது மேட்டு முகட்டுலயே வந்து இடிக்கறான். ஸ்பிரிங்கு இருக்கறதால அடி தெரியல. ஸ்பிரிங்கு அப்படியே வாங்கிக்கும், இவன் சிரிச்சுக்கிட்டே வருவான். மேட்டோரமா நிக்கற பசங்க ஒருத்தன ஒருத்தன் பாத்துக்குவாங்க. அதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. நான் சொன்னேன், ‘மாப்ள, உன்ற எம்பு சரியாத்தான் இருக்குது. ஃபோர்க்குதான் திங்குது. ரிஜிடுக்கு மாத்து’ன்னு. அவன் சொன்னான், ‘எம்பு பத்தல மாமா, இன்னும் ஆறு மாசம் பழகினாச் சரியாயிரும்’னு. ஆறு மாசமாமுங்க. நாஞ் சொன்னேன், ஆறு மாசத்துல நானே தாண்டிருவேன்னு. எகத்தாளமாத்தான் சொன்னேன். அவன் மொகம் சுண்டிப் போச்சு.

இந்தாங்க டீ. வாங்கிக்கங்க. சக்கரை போதுங்களா? போதாட்டிச் சொல்லுங்க, கேட்டா அவ குடுப்பா, நீங்க கேட்டா.

எங்க விட்டேன்? ஆங். அப்பத்தான் ஆயுத பூசை வந்துச்சு. நம்ம ஊர்ல ஆயுத பூசைன்னா உங்களுக்குத் தெரியாததா? பட்டறைக்குப் பட்டறை பொரியும் சுண்டலுமா மணக்கும். லேத்தக் கழுவி, தொடச்சு, பட்டை போட்டு, சந்தனம் வெச்சு. வீட்டுலயும் அதே மாதிரிதான். என்ற ஸ்பேனரு, சுத்தியலு, அரம், அளக்கற டேப்பு, வெர்னியரு, எல்லாத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வெள்ளத்துணி விரிச்சு அடுக்கி, பொட்டு வெச்சு, மத்தியானமே சூடம் காட்டியாச்சு. வெச்சா வெச்சதுதான். விடிஞ்சு விஜயதசமி அன்னைக்குத்தான் கை வெக்கோணும். எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான். அவரு இருக்கறப்ப, ஆயுத பூசை அன்னைக்கு ஒரு ஆணி அடிக்கோணும்னாக்கூட விடமாட்டாரு.

சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், எனக்குத் தெரிஞ்ச பழைய இரும்புக்காரரு ஒருத்தரு போன் போடறாரு. ‘தண்டபாணி, நீ கேட்டியே, ஸ்பிரிங்கு இல்லாத ஃபோர்க்கு, ஒண்ணு வந்திருக்குது’ன்னு. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிப்போச்சு எனக்கு. மறுநாள் விஜயதசமி, தொட்டது துலங்கும்பாங்க. சூளைல எல்லாரும் கூடறாங்க. ஓடிப்போயி வாங்கிட்டு வந்தேன். அருமையான இரும்பு தம்பி. துருங்கற பேச்சில்ல. தட்டிப் பாத்தா மணியாட்டச் சத்தம்.

மாத்தறதுக்குச் சாவி வேணுமே. ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட. பக்கத்து வீட்டுல ஸ்டீபன்னு ஒருத்தரு, அவங்களுக்கு ஆயுத பூசை கெடையாது, சாவி செட்டு ஒண்ணு வெச்சிருப்பாரு. வாங்கிட்டு வந்தேன். பழைய ஃபோர்க்கக் கழட்டினேன். கழட்டின கையோட அதத் தொடச்சு, சந்தனம் வெச்சு, அதையும் சாமிகிட்டயே வெச்சுட்டேன். ரெண்டு வருசம் என்ற மச்சினனச் சொமந்த ஃபோர்க்குங்க, மருவாதி பண்ணோணுமில்ல? புதுசை மாட்டினேன். சிக்குனு போயி உக்காந்துச்சு.

அளந்தனான்னு கேக்கறீங்க. அளக்காமயாங்க போடுவேன்? லேத்துல பதினாறு வருசம் தம்பி. ஒரு மில்லிமீட்டர நூறாப் பங்கு வெச்சு அதுல ரெண்டு பங்கு கூடப் போனாத் தூக்கி வீசற வேலை. என்ற கண்ணே வெர்னியருங்க. ஃபோர்மேன் சொல்லுவாரு, தண்டபாணி பாத்தாப் போதும், கேஜ் வேண்டாம்னு. பாத்தேன். பழசுக்கும் புதுசுக்கும் ஒரு விரக்கடை வித்தியாசம் இருக்கும்னு பட்டுச்சு. ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். ஆள் ஏறி உக்காந்தா ஸ்பிரிங்கு ஒரு விரக்கடை எப்படியும் அமுங்குமில்ல? அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. கணக்குப் பண்ணித்தான் போட்டேன்.

நவநீதன் வந்தான். சைக்கிளச் சுத்திச் சுத்திப் பாத்தான். ‘மாமா, முன்னாடி குனிஞ்ச மாதிரி இருக்குதுங்களே’ன்னான். புதுசுன்னா அப்படித்தாண்டான்னேன். ‘அளந்து பாத்தர்லாங்களா மாமா?’ன்னான். டேப்பு சாமிகிட்ட இருக்குதுடா, பூசைல வெச்சத எடுக்கக் கூடாதுன்னேன். ‘பழைய ஃபோர்க்கயாவது பக்கத்துல வெச்சு…’ன்னு இழுத்தான். அதுவும் சாமிகிட்டத்தான் இருக்குதுன்னேன்.

ஸ்டீபன்கிட்ட டேப்பு இருந்துச்சுங்க. சாவி வாங்கறப்பவே பாத்தேன், பொட்டிலயே மஞ்சக் கலர்ல கெடந்துச்சு. கேட்டிருக்கலாம். கேக்கல. சாவி கேக்கறது வேற தம்பி. லேத்துக்காரன் போயி இன்னொருத்தன் வீட்டு வாசல்ல அளவுகோல் குடுங்கன்னு நிப்பானா? ஊரு சிரிக்காதா?

நவநீதன் என்ற மொகத்தப் பாத்தான். ‘நான் இருக்கேன்ல மாப்ள’ன்னேன். ‘சரிங்க மாமா’ன்னுட்டான்.

மறுநாள் காலைல ஒம்பது மணி. சூளைல பதினஞ்சு பேரு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினேன், ஹேண்டில்ல ஒரு மொழம் பூவு. நவநீதன் தூரமாப் போயித் திரும்பி நின்னான். நான் மேட்டோரமா நின்னுக்கிட்டு, ‘அமுக்கு மாப்ள, பயப்படாம அமுக்கு’ன்னு கத்தறேன். வந்தான். என்ன ஒரு வேகம்ங்கறீங்க! அந்த வேகத்துல அவன் வந்ததே இல்ல. என்னையத் தாண்டறப்ப என்னையப் பாத்தான்.

எம்பினான் தம்பி. நல்லாத்தான் எம்பினான். ஆனா முன்சக்கரம் எந்திரிக்கல. தலை குப்புற…

மேடு சரியில்லீங்க. முந்தின வாரம் மழை பேஞ்சு உச்சி கரைஞ்சிருந்துச்சு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், ஆஸ்பத்திரிலயும் சொன்னேன், மாமனார்கிட்டயும் சொன்னேன், மேட்டு உச்சி கரைஞ்சிருந்துச்சுன்னு. அன்னைக்கு அதே மேட்டுல அவனுக்கு முன்னாடி பத்துப் பேரு தாண்டினாங்கன்னு அந்தப் பசங்க சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும். பூவு அறுந்து விழுந்துச்சு, கண்ணு பட்டிருக்கும். வேகம் கூடிப்போச்சு. எத்தனையோ இருக்குது.

ஃபோர்க்குல கோளாறுன்னா ஃபோர்க்கு ஒடைஞ்சிருக்கோணுமில்ல? நீங்களே பாருங்க. ஒரு கீறல் இல்ல, ஒரு வளைவு இல்ல. மாட்டினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. என்ற மச்சினன்தான் ஒடைஞ்சு போனான்.

மாருக்குக் கீழ உணர்ச்சியே இல்லீங்க இப்ப. கையிருக்குது, வெரலு மடங்காது. பென்சிலப் புடிக்க வெச்சு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பாத்தா ரேணுகா. ஒரு கோடு நேரா வரல. அப்பறம் பென்சில் வேண்டாம்னுட்டான். உள்ள அந்த ரூம்லதான் இருக்கான். நாம பேசறது கேக்கும். கேக்கட்டுமுங்க, நான் மறைச்சா பேசறேன்? டாக்டருங்க இனி இவ்வளவுதான்னுட்டாங்க. மாமியார் மட்டும் கோயில் கோயிலாப் போயிக்கிட்டிருக்குது. எனக்கு அதுலயும் நம்பிக்கை விட்டுப் போச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, இந்த ஒம்பது மாசத்துல ஃபோர்க்கப் பத்தி அவன் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. ஒரு வார்த்த. தண்ணி குடுக்கறேன், திருப்பிப் படுக்க வெக்கறேன், மூஞ்சி செரைச்சு உடறேன், ‘சரிங்க மாமா’ங்கறான். மனசுல ஏதாவது இருந்தாக் கேப்பானில்ல? கேக்கலைன்னா என்ன அர்த்தம்? ஃபோர்க்குல தப்பில்லன்னுதானே அர்த்தம்? அவனுக்குத் தெரியாத அளவா?

லேத்த விட்டுட்டேனுங்க. இப்ப பேக்கிங் செக்‌ஷன். அட்டைப் பொட்டில சாமானப் போட்டு ஒட்டற வேலை. இடுப்பு வலின்னு எழுதிக் குடுத்தேன். லேத்துல நின்னா ஒவ்வொரு பீசுக்கும் அளக்கோணும், அது ஒரு தொல்லைங்க. டேப்பு பூசை ரூம்லயே இருக்குது, அன்னைக்கு வெச்ச பொட்டோட. எடுக்கல. என்ன அவசரம்?

உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. ஒருத்தரு பெங்களூர்க்காரரு, வாசப்படில நின்னுக்கிட்டே, ‘அண்ணா, முன்னாடி தாழ்ந்து போச்சுங்களே, இது குட்டை ஃபோர்க்குங்களே, எம்பினா முன்சக்கரம் எந்திரிக்காதுங்களே’ன்னாரு. டீகூடக் குடிக்கல. இன்னொருத்தரு பையிலருந்து டேப்ப எடுத்தாரு. எடுத்தீங்கன்னா குடுக்க மாட்டேன்னுட்டேன். மூணாவது ஆளு நீங்க இப்பக் கேக்கறதத்தான் கேட்டாரு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கோணும்னாரு.

எதுக்குங்க பக்கத்துல வெக்கோணும்? அது பரண்ல இருக்குது. சந்தனம் காஞ்சு ஒட்டிக்கெடக்கும். எறக்கினா ஒட்டடை. இருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. டீயக் குடிச்சு முடிங்க. நீங்க ஓட்டறவரு. சூளையப் பாத்ததில்ல, என்னையத் தெரியாது, அவனத் தெரியாது. உங்க வாயால சொல்லுங்க. ‘தண்டபாணி, நீ போட்டது சரிதான், ரிஜிடுன்னா இதுதான்’னு. அவ்வளவுதான் கேக்கறேன். சொல்லிட்டு சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போங்க. ஒண்ணும் குடுக்க வேண்டாம்.

ரேணு… எதுக்கு ஸ்டூல் போடற? ரேணு, அத எறக்காத. ஏய், சொல்றேனில்ல.

பாருங்க, கொண்டுவந்து சக்கரத்தோரமா சாத்தி வெச்சுட்டு அவ பாட்டுக்குப் போறா. இப்படிச் சாத்தினா எதுவும் நீளமாத்தான் தெரியும் தம்பி. தரை வேற சரிவு. அப்படி இல்ல, கால் முனையச் சக்கரத்து அச்சுக்கு நேராப் புடிக்கோணும். குடுங்க இங்க. நானே புடிக்கறேன். அச்சுக்கு நேரா வெச்சாச்சு. இப்ப மேல பாருங்க. பழசு முடியற இடத்துக்கும் புதுசு முடியற இடத்துக்கும் நடுவுல வெரல வெச்சுப் பாத்தா…

ஒண்ணு.

ரெண்டு.

கட்டவெரல் போக ஒரு கையே சேந்து போச்சுங்க. நாலு விரக்கடை.

நாலு விரக்கடை தம்பி. பதினாறு வருசம் லேத்துல நின்னவன். நாலு விரக்கடையக் கண்ணு தெரியாதவன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லிருவான்.

இருங்க. உள்ள கூப்புடறான். சொல்லு மாப்ள… உங்களுக்குக் கேட்டுதுங்களா? ‘மாமா, வந்தவருக்கு ரிஜிடே போடச் சொல்லுங்க. நீங்க போட்ட அளவு சரியாத்தான் இருந்துச்சு’ங்கறான்.

கிட்ட வாங்க, மெதுவாச் சொல்றேன், இது அவனுக்குக் கேக்க வேண்டாம். இந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க ஒம்பது மாசமா ஊரு ஊரா ஆளு வரச் சொல்லிக்கிட்டிருந்தேன். சொல்லிட்டான். அளவுல ஒரு நூல் பிசகாதவன், அங்க படுத்துக்கிட்டு எனக்காகப் பொய் சொல்றான். என்னால தாங்க முடியலீங்க தம்பி.

கெளம்புங்க நீங்க. சைக்கிளோட இந்த நீளமானதையும் எடுத்துக்கங்க. சைக்கிளுக்கு இதுதான் சரியான அளவு. குட்டைய நான் கழட்டி வெச்சுக்கறேன். ஆனா வாசல் தாண்டறதுக்கு முன்னாடி, ரிஜிடுதான் வாங்கிட்டுப் போறேன்னு ஒருதாட்டி சொல்லிட்டுப் போங்க. எனக்கில்லீங்க. சத்தமாச் சொல்லுங்க, உள்ள கேக்கோணும்.